மேட்டர்ஹார்ன் ஏற பத்துமலைப் படி போதுமா?

மலையேற்றக் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஆல்ப்ஸ் பற்றி இரண்டு வரி எழுதினாலும் எழுதினேன், வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே மலையைப் பற்றித்தான். முன்பு டோப்லரோன் சாக்லேட் உறையில் இருந்ததே, அந்தக் கூர்மூக்கு மலை, மேட்டர்ஹார்ன். சரி, இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே. அட்டைக்கடிக்கு மருந்து கேட்டவர்களும் கூடாரம் பற்றிக் கேட்டவர்களும் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 28 வயது. கினாபாலு உச்சிக்குப் போய் வந்திருக்கிறேன். ஞாயிறு காலையில் பத்துமலைப் படிகளில் ஐந்து சுற்று ஏறி இறங்குகிறேன், மூச்சு வாங்குவதே இல்லை. அடுத்த ஆகஸ்டில் மேட்டர்ஹார்ன் ஏறலாமா? – வாசகர், கிள்ளான்

தம்பி, உங்கள் மூச்சைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. பாறையில் கையை எங்கே வைப்பது, காலை எங்கே ஊன்றுவது என்பது பழகியிருக்கிறதா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

கினாபாலு 4,095 மீட்டர், மேட்டர்ஹார்ன் 4,478 மீட்டர். 383 மீட்டர்தானே கூடுதல் என்ற கணக்கில்தான் நம் ஊரில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கினாபாலுவின் வழக்கமான பாதையில் நீங்கள் நடக்கிறீர்கள். மேலே கருங்கல் சரிவில் கயிறு கிடக்கும், அதைப் பிடித்துக்கொள்வீர்கள், ஆனாலும் அது நடைதான். மேட்டர்ஹார்னில் வழக்கமான பாதை என்பது சுவிஸ் பக்கம் செர்மாட் ஊரிலிருந்து போகும் ஹோர்ன்லி முகடு. 3,260 மீட்டரில் ஹோர்ன்லி குடில் இருக்கிறது. அங்கே இரவு தங்கி, அதிகாலை 4 மணியை ஒட்டித் தலைவிளக்கோடு கிளம்பினால், வாசலைத் தாண்டிச் சில நிமிடத்திலேயே முதல் பாறைச்சுவரும் அதில் தொங்கும் தடித்த கயிறும் வந்துவிடும். அங்கிருந்து உச்சி வரைக்கும் 1,200 மீட்டர் உயரம், நெடுகிலும் கையும் காலும் பாறையில்தான்.

ஒவ்வொரு அசைவாக எடுத்துப் பார்த்தால் அப்படியொன்றும் கடினம் இல்லை. பாறை ஏறுபவர்களின் தரவரிசையில் பெரும்பாலும் இரண்டு, சில இடங்களில் மூன்று, அவ்வளவுதான். நம் ஊர் உள்ளரங்கச் சுவர்களில் ஏறிப் பழகிய பிள்ளைகள் இந்தத் தரத்தைக் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்தச் சுலபமான அசைவுகளை, காலில் கனமான பூட்ஸோடு, இரண்டு பக்கமும் வெறும் காற்றாக இருக்கும் முகட்டில், நான்காயிரம் மீட்டர் உயரத்தில், எட்டிலிருந்து பத்து மணி நேரம் வரை தயங்காமல் செய்துகொண்டே இருக்க வேண்டும், அதுவும் அநேக இடங்களில் உங்களையும் வழிகாட்டியையும் இணைக்கும் குட்டைக் கயிறு ஒன்றை மட்டும் நம்பி. ஒவ்வொரு பிடியிலும் நின்று யோசிப்பவர் விழமாட்டார், ஆனால் உச்சிக்கும் போகமாட்டார், ஏனென்றால் வழிகாட்டி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வருவார். 4,003 மீட்டரில் சோல்வே என்ற சின்ன அவசரக் குடில் ஒன்று இருக்கிறது. அங்கே போய்ச் சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டால், வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், பெரும்பாலும் அதோடு திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். பிற்பகலில் மேகம் திரண்டு இடி மின்னல் வரலாம், அது ஒரு காரணம். இன்னொன்று, இறங்குவதற்கு ஏறிய அளவு நேரம் பிடிக்கும். கினாபாலுவில் இறங்கும்போது ஓடி வந்திருப்பீர்கள். இங்கே அந்தப் பேச்சே கிடையாது, ஏறிய ஒவ்வொரு பிடியையும் திரும்பத் தேடிப் பிடித்துத்தான் இறங்க வேண்டும், அதுவும் கால் தளர்ந்த பிறகு.

இப்போது உங்கள் பத்துமலைக் கணக்கு. ஒரு படிக்கு 18 சென்டிமீட்டர் என்று வைத்தாலும் 272 படியும் சேர்த்து 50 மீட்டரை எட்டாது. ஐந்து சுற்றுக்கு 250 மீட்டர். குடிலிலிருந்து உச்சிக்குச் சமமாக வேண்டுமென்றால் 24 சுற்றுக்கு மேல் போக வேண்டும், முருகன் தாங்குவார், முழங்கால் தாங்குமா தெரியாது. கால் வலுவுக்குப் படி நல்லதுதான், விடாதீர்கள். ஆனால் அதே பத்துமலையின் பின்பக்கம் குவா டாமாய்ப் பகுதியில் சுண்ணாம்புப் பாறைச் சுவர்கள் இருக்கின்றன. உங்களுக்கு வேண்டிய பள்ளிக்கூடம் அதுதான். தெரிந்தவர்களோடு போய்க் கயிறு பிடிக்கவும் முடிச்சு போடவும் கற்றுக்கொள்ளுங்கள். சுலபமான சுவர்களில் வழுவழுப்பான ஏறுகாலணியை விட்டுவிட்டு மலை பூட்ஸோடு ஏறுங்கள். ஏறியதும் கயிற்றில் தொங்கி இறங்காமல், வந்த வழியே கைகால் ஊன்றி இறங்குங்கள். பக்கத்தில் ஏறுகிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், கண்டுகொள்ளாதீர்கள்.

அடுத்த ஆகஸ்டில் போய் வாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முதல் நாளே மேட்டர்ஹார்ன் இல்லை. செர்மாட்டிலிருந்து 3,883 மீட்டர் வரை கம்பிவட வண்டி போகிறது, அங்கிருந்து பனியில் நடந்து பிரைட்ஹார்ன், 4,164 மீட்டர். அதற்கடுத்து பாறையும் பனியும் கலந்த போலுக்ஸ், 4,092 மீட்டர். இடையில் ஒரு நாள் ரிஃபெல்ஹார்ன் பாறையில் வழிகாட்டியோடு பழகுங்கள். அங்குள்ள வழிகாட்டிகளே இப்படி ஒன்றிரண்டில் உங்களைப் பார்த்த பிறகுதான் ஹோர்ன்லிக்குக் கூட்டிப் போவார்கள். கடல் மட்டத்தை ஒட்டிய கிள்ளானிலிருந்து விமானத்தில் இறங்கிய உடம்பு அந்த உயரத்துக்குப் பழகவும் அந்த நாட்கள் வேண்டும். வழிகாட்டி உங்களைப் பார்த்துவிட்டு இன்னும் ஒரு வருடம் பாறையில் பழகி வா என்று சொன்னால், வாதாடாமல் அப்படியே செய்யுங்கள்.

இன்னொன்று. ஜூலை நடுப்பகுதியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரைதான் பருவம், அதிலும் நல்ல பனி விழுந்தால் முகடு பல நாட்களுக்கு ஏறும் நிலையில் இருக்காது. முதலாளியிடம் சரியாக ஒரு வாரம் மட்டும் லீவு வாங்கிக்கொண்டு போகிறவர்கள் பாதிப் பேர் மலையைக் கீழிருந்து பார்த்துவிட்டு வருகிறார்கள்.

என் மகள் ஜெர்மனியில் படிக்கிறாள். ஜூலையில் கூடப் படிக்கும் மூன்று பேரோடு வழிகாட்டி இல்லாமல் மேட்டர்ஹார்ன் போகப்போகிறாளாம். சின்ன வயதில் கொடிமலைக்கே ரயிலில்தான் போவாள். எனக்குத் தூக்கமே இல்லை. அவ்வளவு ஆபத்தான மலையா? – வாசகி, பட்டர்வொர்த்

அம்மா, உங்களைச் சமாதானப்படுத்துவதற்காகப் பொய் சொல்ல மாட்டேன். 1865-இல் முதல் முறை ஏறியதிலிருந்து இன்று வரை அந்த மலையில் 500 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். முதல் முறை ஏறிய அந்தக் கூட்டத்திலேயே நால்வர்.

அந்தக் கதையை உங்கள் மகளுக்குத் தெரிந்திருந்தாலும் நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் நீங்கள் அவளிடம் கேட்க வேண்டிய கேள்விகளெல்லாம் அதில் இருக்கின்றன. எட்வர்ட் விம்ப்பர் என்ற ஆங்கிலேயர் இத்தாலியப் பக்கமாகப் பல முறை முயன்று தோற்றவர். செர்மாட்டிலிருந்து பார்த்தால் மலையின் கிழக்கு முகம் செங்குத்துச் சுவர் மாதிரி நிற்கும், அதனால் அந்தப் பக்கம் முடியவே முடியாது என்று எல்லாரும் ஒதுக்கி வைத்திருந்தார்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்தால்தான் அதன் சாய்வு நாற்பது பாகையை ஒட்டியது என்பது புரியும், பாறை அடுக்குகளும் அந்தப் பக்கம் படி போல உள்நோக்கிச் சரிந்திருக்கின்றன. இதைக் கண்டுகொண்டு 1865 ஜூலை 14-ஆம் தேதி ஏழு பேர் ஹோர்ன்லி முகடு வழியாக உச்சியைத் தொட்டார்கள். விம்ப்பர், சார்ல்ஸ் ஹட்சன், பிரான்சிஸ் டக்ளஸ் பிரபு, 19 வயது டக்ளஸ் ஹாடோ, வழிகாட்டி மிஷேல் குரோ, செர்மாட்டைச் சேர்ந்த டாக்வால்டர் என்ற தந்தையும் மகனும். ஏறும்போது ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இறங்கும்போது, கூட்டத்திலேயே அனுபவம் குறைந்த ஹாடோ வழுக்கி, தனக்குக் கீழே இருந்த குரோவின் மேல் விழுந்தார். எல்லாரும் ஒரே வரிசையாகக் கயிறுகளால் இணைக்கப்பட்டிருந்தார்கள். இரண்டு பேருடைய எடை ஹட்சனையும் டக்ளஸையும் சேர்த்து இழுத்தது. டக்ளஸுக்கும் மூத்த டாக்வால்டருக்கும் இடையே இருந்த கயிறு மற்றவற்றைவிட வலுக்குறைந்தது, அது அறுந்தது. நால்வர் வடக்கு முகத்தில் விழுந்தார்கள், மூவர் தப்பினார்கள். டக்ளஸின் உடல் கடைசி வரை கிடைக்கவே இல்லை. அறுந்த கயிறு இன்றும் செர்மாட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆகவே மகளிடம் "போகாதே" என்று தொடங்காதீர்கள், அந்த வயதில் அது எடுபடாது. நான்கு பேரில் யார் எல்லாரையும்விட அனுபவம் குறைந்தவர் என்று கேளுங்கள், இதற்கு அவள் பதில் சொல்லத் தயங்கினால் அனேகமாக அவள்தான். இறங்கும்போது கயிற்றை எங்கே, எதில் மாட்டிக்கொள்வீர்கள் என்று கேளுங்கள். பாறையில் எதிலும் மாட்டாமல் ஆட்களை மட்டும் இணைக்கும் கயிறு, ஒருவர் விழுந்தால் நால்வரையும் கொண்டுபோகும். கடினமான இடங்களில் இரும்புக் கம்பிகள் அடித்து வைத்திருக்கிறார்கள், பழகியவர்கள் போகிற போக்கில் கயிற்றை அதில் சுற்றிக்கொள்வார்கள், பழகாதவர்கள் ஒவ்வொன்றிலும் நின்று அரை நாளைத் தொலைப்பார்கள். எத்தனை மணிக்கு உச்சி வராவிட்டாலும் திரும்புவீர்கள் என்று கேளுங்கள், அதற்கு ஒரு மணியைச் சொல்லாமல் "பார்த்துக்கலாம்மா" என்று வந்தால் எனக்கும் தூக்கம் வராது.

வழிகாட்டி இல்லாமல் போகிறவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது முகட்டின் கீழ்ப் பாதியில். இருட்டில் வழி தவறிக் கிழக்கு முகத்துப் பக்கம் ஒதுங்கினால் கால் வைக்கும் கல்லெல்லாம் உருளும். கோடை வர வர இது மோசமாகிறது. பாறை வெடிப்புகளில் உறைந்து கிடக்கும் பனிக்கட்டிதான் அந்த மலையைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கிறது, அது உருகினால் பாறை கழன்று விழும். 2003 ஜூலையில், ஐரோப்பாவே வெயிலில் வெந்த அந்த ஆண்டில், ஹோர்ன்லி முகட்டில் பெரிய சரிவு ஏற்பட்டு, மேலே மாட்டிக்கொண்டவர்களை ஹெலிகாப்டரில் இறக்கினார்கள்.

பெண்பிள்ளை என்பதற்காகத் தடுக்கிறீர்கள் என்றால் அது வேறு கதை, அதில் உங்கள் பக்கம் நிற்க மாட்டேன். லூசி வாக்கர் என்ற பெண் 1871-லேயே உச்சிக்குப் போய்விட்டார், அதுவும் அந்தக் காலத்துப் பாவாடையோடு. என் கருத்து கேட்டால்: இந்த ஜூலையில் நால்வரும் வழிகாட்டியோடு வேறு ஒரு பாறை மலையில் ஏறிப் பார்க்கட்டும். வழிகாட்டியே இல்லாமல் முதல் பெரிய மலையாக மேட்டர்ஹார்ன் வேண்டவே வேண்டாம்.

உயர மலையெல்லாம் வெள்ளைக்காரனுக்கும் ஷெர்பாவுக்கும்தான், நம்ம ஆட்களுக்கு ஒத்துவராது என்று என் மாமா தினமும் சொல்கிறார். என்ன பதில் சொல்ல? – வாசகர், செந்தூல்

எவரெஸ்ட் உச்சியில் கால் வைத்த முதல் இரண்டு மலேசியர்களின் பெயரை மாமாவிடம் கேளுங்கள். எம். மகேந்திரன், என். மோகனதாஸ். 1997 மே 23. தே தாரிக் ஆறுவதற்குள் பேச்சு முடிந்துவிடும்.

மொத்தம் எவ்வளவு ரிங்கிட் ஆகும்? – வாசகர்கள் பலர்

வலிக்கும். ஹோர்ன்லி முகட்டில் ஒரு வழிகாட்டிக்கு ஒரே ஒரு ஆள்தான், செலவைப் பங்கு போட முடியாது. அவருடைய கட்டணம் மட்டும் 1,500 பிராங்குக்கு மேல், ஒரு பிராங்க் ஐந்து ரிங்கிட் என்று தோராயமாகப் பெருக்கிக்கொள்ளுங்கள். 2015-இல் புதுப்பித்துத் திறந்த ஹோர்ன்லி குடிலில் ஒரு இரவுக்குச் சாப்பாட்டோடு அப்போதே 150 பிராங்க் வாங்கினார்கள், வழிகாட்டி தங்குவதற்கும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். பக்கத்தில் கூடாரம் அடித்துப் படுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், அனுமதி இல்லை. அப்புறம் பழகுவதற்கு ஏறும் மலைகளின் வழிகாட்டிக் கட்டணம், கம்பிவட வண்டி, விமானம். கிராம்பான் (பனியில் வழுக்காமல் பூட்ஸில் மாட்டும் இரும்பு முட்கள்), ஹார்னஸ் (கயிற்றை மாட்ட இடுப்பில் கட்டும் பட்டை), ஹெல்மெட் எல்லாம் செர்மாட்டில் வாடகைக்குக் கிடைக்கும், பூட்ஸ் மட்டும் சொந்தமாக வாங்கி இங்கேயே போட்டுப் பழகுங்கள். மலேசியக் கடப்பிதழுக்கு 90 நாள் வரை விசா வேண்டாம் என்பது ஒன்றுதான் இலவசம்.

எனக்கு 61 வயது, முழங்கால் சரியில்லை. ஏற ஆசை இல்லை, கிட்டப் போய்ப் பார்த்தால் போதும். வழி உண்டா? – வாசகி, பெட்டாலிங் ஜெயா

தாராளமாக உண்டு, அக்கா. சூரிக்கிலிருந்து ரயில், ஃபிஸ்ப் ஊரில் மாறி செர்மாட். ஊருக்குள் வெளிக் கார்கள் கிடையாது, அதுவே ஒரு நிம்மதி. அங்கிருந்து கோர்னெர்கிராட் பற்சக்கர ரயில், 1898 முதல் ஓடுகிறது, 3,089 மீட்டர் வரை உட்கார்ந்தபடியே போகலாம். திரும்பி வரும்போது ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் ரிஃபெல்சே என்ற சின்னக் குளம், காற்றில்லாத காலையில் மலை அப்படியே தண்ணீரில் தலைகீழாக நிற்கும். இன்னும் கிட்டத்தில் பார்க்க ஸ்வார்ட்ஸ்சே வரை கம்பிவட வண்டி, அங்கிருந்து ஹோர்ன்லி குடிலுக்கு இரண்டு மணி நேர மலைப்பாதை இருக்கிறது, உங்கள் முழங்காலுக்கு அது வேண்டாம். அருங்காட்சியகத்தை விட்டுவிடாதீர்கள். மேலே போனதும் தலை சுற்றினால் உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள், குறையாவிட்டால் அடுத்த ரயிலில் இறங்கிவிடுங்கள்.

வயதைப் பற்றி எழுதியதால் ஒன்று: உல்ரிஹ் இண்டர்பினென் என்ற செர்மாட் வழிகாட்டி 1900-இல் பிறந்தவர், மேட்டர்ஹார்னில் 370 முறைக்கு மேல் ஏறியவர், கடைசியாக ஏறியது 90 வயதை ஒட்டி. முழங்கால் டாக்டரிடம் இதைச் சொல்லாதீர்கள்.

முகட்டில் நடந்து பழக புக்கிட் தாபூர் போதாதா? வீட்டுக்குப் பக்கம். – வாசகர், தாமான் மெலாவாத்தி

உயரத்தைப் பார்த்தால் குன்று, ஆனால் அந்தப் படிகப்பாறை முகட்டில் பலர் விழுந்து இறந்திருக்கிறார்கள். அனுமதி இல்லாமல் போகாதீர்கள், மழை விட்ட மறுநாள் அனுமதி இருந்தாலும் போகாதீர்கள். குறுகிய முகட்டில் கண் கூசாமல் நடக்க அது பழக்கும் என்பது உண்மைதான், ஆனால் கயிறு இல்லாமல், சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல், கூட்டமாகப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருவதைப் பயிற்சி என்று சொல்ல மாட்டேன்.

நான் சுத்த சைவம். குடிலில் என்ன கிடைக்கும்? – வாசகர், ஜார்ஜ்டவுன்

இடம் பதிவு செய்யும்போதே சொல்லிவிட்டால் சைவம் செய்து தருவார்கள். சூப், ரொட்டி, பாலாடைக்கட்டி, பாஸ்தா. காரம் எதிர்பார்க்காதீர்கள். பையில் ஒரு சின்னப் பொட்டலம் ஊறுகாய் இருந்தால் குடிலில் உங்களைச் சுற்றி நண்பர்கள் சேர்வார்கள்.

பயணக் காப்புறுதி எடுத்திருக்கிறேன், அது போதும் அல்லவா? – வாசகர், காஜாங்

பெரும்பாலும் போதாது. இங்கே விமானச் சீட்டோடு சேர்த்து விற்கும் காப்புறுதிகளில் பல, கயிறு பயன்படுத்தும் மலையேற்றத்தையும் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் நடப்பதையும் விலக்கி வைத்திருக்கும், அந்த வரி கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். சுவிஸ் மலைகளில் ஹெலிகாப்டர் மீட்பு இலவசம் கிடையாது, காயம் இல்லாமல் வெறுமனே மாட்டிக்கொண்டு இறக்கினாலும் ரசீது வரும். முகவரிடம் "4,478 மீட்டர், கயிறு, வழிகாட்டியோடு" என்று மூன்றையும் எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் "எல்லாம் கவராகும் சார்" என்பதை நம்பாதீர்கள். செர்மாட் போனதும், அங்கே ஹெலிகாப்டர் மீட்பு நடத்தும் ஏர் செர்மாட் நிறுவனத்தின் மீட்பு அட்டை ஒன்றும் வாங்கிவிடுங்கள், விதிகளைப் படித்துவிட்டு. அந்த வட்டாரத்து அவசர எண் 144, கைப்பேசியில் இப்போதே பதிந்துகொள்ளுங்கள், மேலே போனால் விரல் விறைத்துவிடும்.